அண்ணன் விட்டுப்போன மூன்று லென்ஸ்கள்

ஊசுட்டேரியில் நான் எடுக்கும் பறவைப் படங்களைப் பார்த்துவிட்டு, "சார், என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஏனென்றால் கேமரா மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்கு வருடத்தில் மூன்று கேமரா, அதில் ஒன்று இரவல். மாறாமல் இருப்பது லென்ஸ்கள்தான். மூன்று லென்ஸ், மூன்றுக்குமே வயது 50 இருக்கும். ஆட்டோ போகஸ் கிடையாது, பேட்டரி கிடையாது, ஒரு ஒயர்கூடக் கிடையாது. கண்ணால் பார்த்துக் கையால் திருப்ப வேண்டும். அந்த மூன்றும் என் கைக்கு எப்படி வந்தன, அவற்றை எந்தெந்தக் கேமராவில் எப்படிப் பொருத்தினேன் என்பதை இன்று எழுதுகிறேன். வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் உபயோகப்படலாம்.

லென்ஸ்கள் என் அண்ணனுடையவை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். புதுச்சேரிக்காரர்களுக்கு மீதிக் கதை சொல்லாமலே தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு அரசு நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இந்தியக் குடிமகன். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது 13 வயது, அப்பா எப்படியோ நானும் அப்படியே. அண்ணனுக்கு 22. அவர் எழுதிக் கொடுத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். நம் ஊர் பாஷையில் சொன்னால் 'சொல்தா' ஆனார். ஒரே வீடு, ஒரே அம்மா கை சோறு, இரண்டு பாஸ்போர்ட்.

நான் பிரெஞ்சு வழியில் படித்ததை வைத்துக்கொண்டு உள்ளூரிலேயே சர்க்கார் ஆபீஸில் கிளார்க் ஆனேன். பழைய பிரெஞ்சு ரிஜிஸ்டர்களைப் படித்து ஆங்கிலத்தில் நோட் போடத் தெரிந்த ஆள் என்று என்னை அந்த சீட்டிலேயே வருஷக்கணக்கில் உட்கார வைத்திருந்தார்கள். அது தனிக்கதை.

அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் கழுத்தில் கேமரா தொங்கும். ஜெர்மனியில் பிரெஞ்சுப் படையோடு இருந்தபோது முதல் லென்ஸ் வாங்கினார். மேயர் கம்பெனியின் ஓரெஸ்டார், 135 மி.மீ., எஃப் 2.8. கிழக்கு ஜெர்மனியில் செய்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் அப்பர்ச்சருக்கு 15 இதழ்கள். எந்த அளவுக்கு மூடினாலும் துவாரம் வட்டமாகவே இருக்கும். அதனால் பின்னணியில் தெரியும் ஒளிப்புள்ளிகளும் வட்டமாக விழும். அடுத்தது ஜிபூட்டியில் வேலையாக இருந்தபோது வாங்கிய பென்டாக்ஸ். சூப்பர் டக்குமார், 200 மி.மீ., எஃப் 4. இதன் வளையத்தைத் திருப்பும் சுகமே வேறு, வெண்ணெயில் விரல் வைத்தது மாதிரி இருக்கும். மூன்றாவது நிக்கான் கம்பெனியின் 300 மி.மீ., எஃப் 4.5. ஒரு கிலோவுக்கு மேல் கனம். ட்ரைபாடில் மாட்டுவதற்கு லென்ஸிலேயே ஒரு பட்டை இருக்கும். அம்மா அதை 'பீரங்கி' என்பாள்.

முதல் இரண்டும் திருகி மாட்டும் வகை. பின்பக்கம் மரை இருக்கும். அதன் விட்டம் 42 மி.மீ., அதனால் எம்42 என்று பெயர். 1949-ல் கிழக்கு ஜெர்மனியில் வந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் தொடங்கி, ப்ராக்டிகா, பென்டாக்ஸ், ரஷ்யாவின் ஜெனித் என்று பல கம்பெனிகள் இதே மரையைப் போட்டன. ஒரு கம்பெனியின் லென்ஸை இன்னொரு கம்பெனியின் கேமராவில் தாராளமாகத் திருகலாம். நிக்கான் அப்படியில்லை. 1959-ல் வந்த அவர்களுடைய எஃப் கேமராவில் வைத்துத் திருப்பிப் பூட்டும் முறை, அவர்களுக்கென்றே தனி.

ரிடையர் ஆன பிறகு அண்ணன் பிரான்சிலேயே இருந்துவிட்டார். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் புதுச்சேரிக்கு வந்துவிடுவார். வலசைப் பறவைகள் மாதிரிதான், மார்ச் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். விமானத்தில் கனம் பார்க்கிறார்கள் என்று லென்ஸ்களை மட்டும் என் இரும்பு பீரோவில் வைத்துவிட்டுப் போவார். போகும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே உத்தரவு: "மாசத்துக்கு ஒரு தடவை மூணு வளையத்தையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி வைடா. இல்லேன்னா உள்ளே கிரீஸ் இறுகிடும்." முதல் தேதி பென்ஷன் வரும் நாளில் அதைச் செய்துவிடுவேன்.

பிலிம் காலம் முடிந்ததும் அவர் டிஜிட்டலில் கேனன் இஓஎஸ் வாங்கினார். "நிக்கான் லென்ஸ் வைத்துக்கொண்டு ஏன் கேனன் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். அப்போது ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். இந்த விஷயத்தில் அடிப்படை அதுதான், எனவே அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எந்த லென்ஸும், பின்பக்கம் மாட்டுகிற இடத்திலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரைக்கும் இவ்வளவு தூரம் என்று கணக்குப் பண்ணிச் செய்யப்பட்டது. பிரெஞ்சில் இதைத் 'திராஜ் மெக்கானிக்' என்பார்கள். எம்42-க்கு அது 45.46 மி.மீ. நிக்கான் எஃப்-க்கு 46.5. கேனன் இஓஎஸ்-க்கு 44. ஆக, கேனனில் எம்42 லென்ஸைப் போட வேண்டுமானால் 1.46 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் வைத்தால் தூரம் சரியாகிவிடும். நிக்கான் லென்ஸுக்கு 2.5 மி.மீ. வளையம். இந்த வளையம்தான் அடாப்டர். அதில் கண்ணாடி கிடையாது, வெறும் உலோகமும் நடுவில் காற்றும்தான். பிரெஞ்சில் இதற்குப் 'பாக்' என்று பெயர். விரலில் போடும் மோதிரத்துக்கும் அதே வார்த்தைதான். "மோதிரம் மாத்தினா சம்பந்தம் முடிஞ்சது," என்பார் அண்ணன்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கேமராவின் தூரம் லென்ஸின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் வளையம் போட்டு நிரப்பிவிடலாம். அதிகமாக இருந்தால் முடியாது, ஏனென்றால் கேமராவைச் செதுக்கி உள்ளே தள்ள முடியாது.

2020 ஜனவரியில் அண்ணனுக்கு 80. கை நடுக்கம் வந்திருந்தது. டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். ஒரு நாள் விடியற்காலை ஏரிக்குப் போனோம். ட்ரைபாடில் பீரங்கியை ஏற்றி, பின்னால் கேனனை மாட்டினார். எதிரே தண்ணீர் மேல் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி. இந்தப் பறவையின் குணம் தெரியுமல்லவா? அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும், கீழே மீன் தெரிந்ததும் கல் மாதிரி விழும். கையால் போகஸ் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது, நிற்கிற சில விநாடிகளை நமக்குக் கொடுக்கும்.

அண்ணன் வளையத்தைத் திருப்பப் பார்த்தார். விரல் நிற்கவில்லை. சரியான இடத்தைத் தாண்டிப் போவார், திரும்ப வருவார், மறுபடி தாண்டுவார். நான்கைந்து தடவை பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். கேமராவின் பின் திரையில் படம் வரும்படி வைத்து, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினார். "நீ திருப்பு, நான் அமுக்குறேன்," என்றார்.

அன்று காலை முழுக்க அப்படித்தான் எடுத்தோம். இரண்டு கிழவர்கள், ஒரு கேமரா. மீன்கொத்தியின் கண் திரையில் கூர்மையாகும் வரை நான் வளையத்தைத் திருப்புவேன், "ம்" என்பேன், அவர் அமுக்குவார். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

பிப்ரவரி கடைசியில் கிளம்பிப் போனார். கேமரா அவரோடு போனது, லென்ஸ்கள் வழக்கம்போல் என் பீரோவுக்கு வந்தன. ஏப்ரலில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஏப்ரலில் யாரும் எங்கேயும் போக முடியாது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடக்கத்தை போனில் காட்டினார்கள். நாலு பேர் நின்றிருந்தார்கள். படம் அடிக்கடி உறைந்து உறைந்து வந்தது.

மே 1-ம் தேதி வழக்கம்போல் பீரோவைத் திறந்து மூன்று வளையங்களையும் திருப்பி வைத்தேன். ஜூனிலும் செய்தேன். யாருக்காகத் திருப்புகிறோம் என்ற கேள்வி ஜூலையில்தான் வந்தது. லென்ஸ் இருக்கிறது, மாட்டக் கேமரா இல்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "இதெல்லாம் இப்ப பேப்பர் வெயிட்தான் சார்," என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் வியாபாரம் அப்படி. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் கிடைத்தது மகன் உபயோகித்துவிட்டு ஒதுக்கி வைத்திருந்த நிக்கான் டி40. 2006-ல் வந்தது, வெறும் 6 மெகாபிக்சல். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. நிக்கான் 1977-ல் ஏஐ என்று லென்ஸின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றியது. அதற்கு முந்தின லென்ஸைப் பிற்காலத்துக் கேமராக்கள் பலவற்றில் பலவந்தமாக மாட்டினால், கேமராவில் இருக்கும் ஒரு சின்ன நாக்கு உடைந்துவிடும். டி40-ல் அந்த நாக்கே கிடையாது, எனவே பயமில்லாமல் மாட்டலாம். பீரங்கி மாதிரிப் பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் மாட்டுவதற்கு முன் இதை அவசியம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீரங்கி டி40-ல் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. வெளிச்சத்தின் அளவைக் கேமரா சொல்லாது, எல்லாம் மானுவல்தான். ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்து, இருட்டாக இருந்தால் ஷட்டரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போகஸ் சரியானால் வியூஃபைண்டர் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதை நம்பி மடையான், நீர்க்காகம் என்று அசையாமல் நிற்கிற பறவைகளாகப் பார்த்து எடுத்தேன்.

எம்42 லென்ஸ்கள் இரண்டும் டி40-ல் சிக்கின. நிக்கானின் தூரம் 46.5, லென்ஸுக்கு வேண்டியது 45.46. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் அதிகம். மாட்டுகிற வளையத்தின் கனம் இன்னொரு மில்லிமீட்டர். ஆக லென்ஸ் 2 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது. விளைவு, தூரத்தில் இருப்பது எதுவும் போகஸ் ஆகாது. எவ்வளவு தூரம் வரைக்கும் ஆகும்? இதற்கு ஒரு கிளார்க் கணக்கு உண்டு. லென்ஸின் மி.மீ. அளவை அதே எண்ணால் பெருக்கி, தள்ளி நிற்கும் மி.மீ.யால் வகுக்க வேண்டும். 200-க்கு: 40,000-ஐ 2-ஆல் வகுத்தால் 20,000 மி.மீ., அதாவது 20 மீட்டர். 135-க்குச் சுமார் 9 மீட்டர். சாதாரண 50 மி.மீ. லென்ஸாக இருந்தால் ஒன்றேகால் மீட்டர்தான். லென்ஸ் நீளமாக நீளமாக நஷ்டம் குறைகிறது. 20 மீட்டருக்குள் என்றால் தோட்டத்துத் தேன்சிட்டு, மதில் மேல் அணில், மாடிக் கம்பியில் கரிச்சான் எல்லாம் அடங்கும். ஏரிதான் அடங்காது. சரிசெய்வதற்கு நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அந்த மலிவான கண்ணாடி நல்ல லென்ஸின் கூர்மையைக் கெடுத்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். தூரப் பார்வைக்கு ஏற்றமாதிரி லென்ஸ் வைத்தார்கள். அந்தக் கண்ணும் இப்போது ஒரு நிலையான போகஸ் லென்ஸ்தான், திருப்ப வளையம் மட்டும் இல்லை. டாக்டரிடம் முதலில் கேட்டதே "எப்போது கேமராவில் கண் வைக்கலாம்?" என்றுதான். என் வயதுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்வரை முதலில் அதைத் திருப்பி வையுங்கள். பலரும் இதைச் செய்யாமலே, "போகஸ் பிடிபடவில்லை, வயதாகிவிட்டது" என்று கேமராவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பழைய சரக்காக ஒரு சோனி ஏ6000 வாங்கினேன். இது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ரகம். பழைய கேமராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும், அதற்காகத்தான் நாற்பத்துச் சொச்சம் மில்லிமீட்டர் விட்டார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டதும் சோனியில் அந்தத் தூரம் 18 மி.மீ.யாகச் சுருங்கிவிட்டது. எம்42-க்கு 27.46 மி.மீ. நீளத்தில் ஒரு குழாய், நிக்கானுக்கு 28.5 மி.மீ. நீளத்தில் ஒரு குழாய். இரண்டு அடாப்டரில் மூன்று லென்ஸும் தூரம், கிட்டம் எல்லாவற்றிலும் சரியாக வேலை செய்கின்றன. எந்தக் கம்பெனி, எந்த நாடு, எந்த வருடம் என்ற கேள்வியே இல்லை. ஆபீஸில் பிரெஞ்சு ரிஜிஸ்டருக்கும் ஆங்கில ஃபைலுக்கும் நடுவே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அடாப்டரைக் கையில் எடுத்தபோது சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

மிரர்லெஸ்ஸில் இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயங்கள்.

முதலில் மெனுவுக்குள் போய், 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்' என்பதை அனுமதிக்க வேண்டும். பழைய லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். டக்குமாரில் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை மானுவலில் வைத்தால்தான் அப்பர்ச்சர் மூடும். இல்லையென்றால் எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் திறந்தபடியே நிற்கும். ஓரெஸ்டாரில் இரண்டு வளையம். ஒன்றில் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, மற்றதைத் திறந்து போகஸ் செய்து, பிறகு மூடி எடுக்க வேண்டும்.

போகஸ் ஆன விளிம்புகளில் நிறம் பூசிக் காட்டும் வசதி மிரர்லெஸ்ஸில் இருக்கிறது. அது உதவும், ஆனால் நீள லென்ஸில் அதை மட்டும் நம்ப முடியாது. 300 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து 10 மீட்டரில் ஒரு கொக்கைப் பார்த்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ.தான். அலகு விழுந்தால் வால் விழாது. எனவே நிறத்தை வைத்துக் கிட்டத்தட்டப் பிடித்து, பிறகு படத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் நிறுத்துங்கள். போகஸ் பிடிப்பதைப் பிரெஞ்சில் 'மீஸ் ஓ புவான்' என்பார்கள். ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திச் சொல்வதற்கும் அதே வார்த்தைதான்.

கை ஆட்டத்துக்குப் பழைய விதியே விதி. 200 மி.மீ. என்றால் ஷட்டர் 200-ல் ஒரு பங்கு விநாடி. இது முழு பிலிம் அளவுக்குச் சொன்னது. சோனியின் சென்சார் சிறியது, ஒன்றரை மடங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். 200 அங்கே 300 மாதிரி நடந்துகொள்ளும், ஆகவே 300-ல் ஒரு பங்கு. என் கைக்கு நான் அதையும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன்.

வெள்ளைக் கொக்கு, கருத்த நிழல் என்று வரும்போது பழைய லென்ஸ் விளிம்பில் ஊதா நிறம் கட்டும். எஃப் 8-க்கு மூடினால் பெரும்பகுதி போய்விடும். முன்னால் வெயில்மறைப்புக் குழல் போடாமல் எடுக்காதீர்கள். அந்தக் காலப் பூச்சு இன்றைய வெளிச்ச விளையாட்டைத் தாங்காது. காலை ஒன்பதரைக்கு மேல் ஏரியில் தூரப் பறவைகளை எடுக்காதீர்கள். தண்ணீர் மேல் சூட்டில் காற்று நெளியும். அதற்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை.

கடைசியாக, பூஞ்சை. நம் ஊர்க் கடல் காற்றுக்கு லென்ஸின் உள்ளே சிலந்தி வலை மாதிரி படரும். ஓரெஸ்டாரில் வந்துவிட்டது. சென்னையில் ஒரு பெரியவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஒரு மூலையில் தடம் இருக்கிறது, எதிர் வெளிச்சத்தில் மட்டும் தெரியும். இப்போது மூன்றையும் இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். பீரோவில் துணிகளுக்கு நடுவே வைப்பதுதான் பூஞ்சைக்கு நாமே போடும் விருந்து.

2023 டிசம்பரில் அண்ணனின் பேரன் வந்தான். 24 வயது. தமிழ் புரியாது. "தாத்தா" என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரியும், அதையும் அவன் சொன்னால் 'ததா' என்று வரும். நாங்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். வீட்டில் என் பிரெஞ்சைக் கேட்க ஆள் இல்லாமல் போய் மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அண்ணன் போன பிறகு அந்த பாஷையை நான் யாரோடும் வாய்விட்டுப் பேசவில்லை என்பது அவனோடு பேசும்போதுதான் உறைத்தது.

அவன் கழுத்தில் ஒலிம்பஸ் இ-எம்10 தொங்கியது. அதன் சென்சார் இன்னும் சிறியது, எல்லாம் இரண்டு மடங்கு. பீரங்கி அதில் 600 ஆகிவிடும். நிக்கான் லென்ஸுக்கான வளையத்தை அவனே பிரான்சிலிருந்து வாங்கி வந்திருந்தான். தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறான். ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி அந்தக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் என்ன லென்ஸ் என்று அதற்குத் தெரியாது, 300 என்று நாம் மெனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேமராவும் ஒருவிதத்தில் சர்க்கார் ஆபீஸ்தான், மனு எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும்.

அண்ணனின் கேனனில் இருந்த மெமரி கார்டையும் கொண்டு வந்திருந்தான். அந்த ஜனவரிக் காலையில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. மொத்தம் 41. அவற்றில் மீன்கொத்தியின் கண் பளிச்சென்று விழுந்தவை 6. ஒன்றில் அது அலகைக் கீழே நேராக வைத்து விழத் தயாராகிறது. பேரன் கம்ப்யூட்டரில் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தான். தேதி, நேரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எல்லாம் இருந்தன. லென்ஸ் என்ற இடம் மட்டும் காலி. மின் தொடர்பு இல்லாத லென்ஸுக்கு அப்படித்தான் வரும். "எந்த லென்ஸ் இது?" என்று கேட்டான்.

என்னிடம் கையகல நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. பழைய லென்ஸில் எடுக்கும்போது எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர் என்று யாரும் பதிவு செய்ய மாட்டார்கள் என்பதால் அண்ணனோடு போன நாட்களிலிருந்தே எழுதி வைக்கும் பழக்கம், கிளார்க் புத்தி. அந்தத் தேதியை எடுத்துக் காட்டினேன். '300, எஃப் 5.6, மேற்குக் கரை. அண்ணன் அமுக்கினார், நான் திருப்பினேன்.' பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் நோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஏரிக்குப் போனோம். ஆட்டோ போகஸில் வளர்ந்த பிள்ளை, முதல் அரை மணி நேரம் எதுவும் விழவில்லை. பறவையைத் துரத்தாதே, அது வந்து நிற்கிற இடத்தைப் பார்த்து வை, அங்கே முன்கூட்டியே போகஸ் பண்ணிக் காத்திரு என்றேன். தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டைக் கொம்பு நுனியில் வளையத்தை நிறுத்தினான். இருபது நிமிடம் கழித்து ஒரு பாம்புத்தாரா வந்து அதில் உட்கார்ந்து சிறகை விரித்தது. அவன் அமுக்கினான். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அண்ணனின் புருவம் அப்படியே.

போகும்போது டக்குமாரை அவனிடம் கொடுத்தேன். அவன் கேமராவுக்கு அது 400 மாதிரி வரும், கனமும் அரை கிலோ சொச்சம்தான். எம்42 வளையம் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மாதம் ஒருமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி வைக்கவும் சொன்னேன். "ஏன்?" என்றான். கிரீஸ் விஷயத்தைச் சொன்னேன்.

பீரங்கியையும் ஆசையாகப் பார்த்தான். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் கை அதை எத்தனை நாள் தூக்கும் என்று தெரியாது. இப்போதே மோனோபாட் இல்லாமல் முடிவதில்லை. ஒரு நாள் வளையம் எனக்கும் தாண்டிப் போகும். அப்போது திருப்ப ஒரு ஆள் வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஏரிக்கு வருகிறாள். மடையானுக்கும் கொக்குக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டாகிவிட்டது. போன வாரம் வளையத்தில் கை வைக்க விட்டேன்.

உங்கள் வீட்டிலும் பழைய லென்ஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் மரை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கேல் வைத்து விட்டத்தை அளந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகளின் கேமரா என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கேற்ற மோதிரம் எங்காவது நிச்சயம் கிடைக்கும்.